ரிக் வண்டிக்கு முதலுதவி ஆசிரியர் தேடி நான் இழந்த 84,000 ரூபாய்

எங்கள் ஊர் திருச்செங்கோடு. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்குப் பேர் போன ஊர். எங்கள் குடும்பத்துக்கு இரண்டு வண்டிகள். மழைக்காலம் முடிந்ததும் வடக்கே கிளம்பிப் போகும். அடுத்த மழைக்காலம் வரை அங்கேயே ஓடும். கணவர் ஒரு வண்டியோடு போய்விடுவார். டீசல் பில், சம்பளம், வங்கித் தவணை, ஏஜெண்டுகளின் பாக்கி எல்லாவற்றையும் சங்ககிரி ரோட்டு ஷெட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது நான். வண்டியில் இருக்கும் பையன்களுக்கு என்ன நேர்ந்தாலும் முதலில் அடிப்பது என்னுடைய போன்தான். அப்படித்தான் அன்று இரவு 9.40-க்கும் அடித்தது. சத்தீஸ்கரில், ராய்ப்பூரிலிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் ஒரு கிராமம். துளை போடும் இரும்பு ராடைக் கழற்றும்போது ஸ்பேனர் நழுவிச் சுழன்று, எடப்பாடிப் பக்கத்துத் தம்பி ஒருவனின் முன்கையைக் கிழித்துவிட்டது. "ரத்தம் நிற்கவே இல்லைங்க அக்கா, என்னங்க செய்யறது?" என்று ரிக்கை இயக்கும் டிரில்லர் கதறினார். கணவர் அப்போது இன்னொரு வண்டியோடு ராஜஸ்தானில் இருந்தார். போன் எடுக்கவில்லை.

நான் சொன்னதை இன்று எழுதவும் கை கூசுகிறது. "துணியை இறுக்கிக் கட்டுங்கள், ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தளர்த்திவிடுங்கள், இல்லையென்றால் கை செத்துவிடும்" என்றேன். சின்ன வயதில் யாரோ சொல்லிக் கேட்டது. அவர்கள் நான் சொன்னபடியே செய்தார்கள். கைலியைக் கிழித்துக் கட்டுவதும், தளர்த்துவதும், ரத்தம் குபுகுபுவென்று வருவதைப் பார்த்துப் பயந்து மறுபடி கட்டுவதுமாக ஒன்றரை மணி நேரம் ஓடியது. நடுவில் காயத்தில் காப்பித்தூளையும் அப்பியிருக்கிறார்கள். மருத்துவமனை போய்ச் சேர்ந்தபோது அந்தத் தம்பிக்குப் பேச்சு குழறிவிட்டது. நான்கு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் நான் கோவையிலிருந்து விமானம் மாறிப் போய்ச் சேர்ந்தேன். அங்கிருந்த டாக்டர் கோபப்படவில்லை, நிதானமாகத்தான் சொன்னார்: "கட்டியது தப்பில்லை. அவிழ்த்ததுதான் தப்பு. ஒவ்வொரு முறை அவிழ்த்தபோதும் இவன் உடம்பிலிருந்த ரத்தத்தைக் கொட்டியிருக்கிறீர்கள்." அவிழ்க்கச் சொன்னது நான்தான் என்று அவரிடம் என்னால் சொல்ல முடியவில்லை.

உயிர் பிழைத்துவிட்டான். வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. மருத்துவமனைச் செலவு 2,80,000 ரூபாய். வண்டி ஒன்பது நாள் நின்றது, தவணை நிற்கவில்லை. பணம் போனதற்காக நான் ஒரு நாளும் அழுததில்லை. அவன் அம்மா ஷெட்டுக்கு வந்து, "காப்பாத்திக் கொடுத்தீங்க சாமி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்களே, அன்றுதான் அழுதேன். அடுத்த மழைக்கு வண்டிகள் ஊர் திரும்பியதும் பையன்கள் எல்லோருக்கும் முறையாக முதலுதவி கற்றுத்தருவது என்று முடிவு செய்தேன். யாரிடம் கேட்பது, எப்படிப்பட்ட ஆளைத் தேடுவது, எவ்வளவு கொடுப்பது என்று சொல்ல ஒருவரும் இல்லை. இந்தத் தொழிலில் அதுவரை யாரும் அப்படிச் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

முதலில் வந்தவரை இணையத்தில் தேடிப் பிடித்தேன். நல்ல பேச்சு, கோட்டு சூட்டு, பெரிய கம்பெனிகளில் பயிற்சி கொடுத்த படங்கள். 26 பேருக்கு ஒரு நாள், 42,000 ரூபாய் என்றார். ஈரோட்டில் ஏ.சி. மண்டபம் 9,000 ரூபாய்க்கு எடுத்தேன். காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு வரை திரையில் படம் ஓடியது. பாதி ஆங்கிலத்தில். இதயத்தின் நான்கு அறைகள், ரத்த ஓட்டத்தின் வரைபடம், உலக முதலுதவி தினம் என்று என்னென்னவோ வந்தது. எங்கள் ஆட்களில் பத்துப் பேர் ஒடிசாக்காரர்கள். அவர்களுக்குத் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை. கொண்டுவந்திருந்தது ஒரே ஒரு பொம்மை. அதன் நெஞ்சில் கைவைத்து அழுத்தியவர்கள் ஆறு பேர். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் எல்லோருக்கும் பளபளவென்று சான்றிதழ். மூன்று வாரம் கழித்து ஷெட்டில் வைத்து ஒரு பையனிடம், "உன் கூட்டாளிக்குத் தொடையில் வெட்டு, ரத்தம் பீய்ச்சுகிறது, செய்து காட்டு" என்றேன். சான்றிதழை மடித்துப் பர்ஸில் வைத்திருந்தான். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. பாம்பு கடித்தால் என்ன செய்வாய் என்றேன். "இறுக்கிக் கட்டிட்டுக் கீறி விடணுங்க" என்றான். இரண்டுமே கூடாது. படம் ஓடிய அன்று அதைச் சொன்னார்களா என்பதுகூட அவனுக்கு நினைவில்லை.

அன்று நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஆசிரியரிடம் முதலில் கட்டணத்தைக் கேட்காதீர்கள். எத்தனை பொம்மை கொண்டுவருவீர்கள், ஒரு ஆசிரியருக்கு எத்தனை பேர், ஆறு மணி நேரத்தில் எங்கள் பையன்களின் கை எவ்வளவு நேரம் வேலை செய்யும், எந்த மொழியில் நடத்துவீர்கள் என்று கேளுங்கள். நாலு பேருக்கு ஒரு பொம்மையாவது வேண்டும். ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் போனால் அது பயிற்சி ஆகாது, சொற்பொழிவுதான். அவருடைய சொந்தத் தகுதிச் சான்றை வாங்கிப் பாருங்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சி அட்டையை நிறையப் பேர் காட்டுவார்கள். அது இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பயிற்சி எடுத்தவருக்குத் தரும் அட்டை வேறு, பயிற்சி கொடுக்கத் தகுதி பெற்றவருக்குத் தரும் அட்டை வேறு. எங்களிடம் வந்தவர் காட்டியது முதல் வகை. அதுவும் காலாவதியாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. பணம் கொடுத்து முடித்த பிறகுதான் எனக்கு இது தெரிந்தது.

இரண்டாவது ஆள் இதற்கு நேர் எதிர். ராணுவத்தில் இருந்தவர் என்றார். பச்சை உடுப்பு, பூட்ஸ், தோளில் பெரிய பை. மண்டபம் வேண்டாம், ஷெட்டிலேயே நடத்துகிறேன் என்றபோதே எனக்குப் பிடித்துப்போனது. 60,000 கேட்டார், பாதியை முன்பணமாகக் கொடுத்தேன். சாயம் கலந்த தண்ணீரை ரத்தமாகத் தெளித்து, பட்டாசு வெடித்து, ஆளை இழுத்துக்கொண்டு ஓடச் சொல்லி அமர்க்களப்படுத்தினார். பையன்களுக்கு ஒரே குஷி. மதியத்துக்கு மேல் பையிலிருந்து நீளமான ஊசிகளை எடுத்தார். நுரையீரலைச் சுற்றிக் காற்று அடைத்துக்கொண்டால் நெஞ்சில் எந்த இடத்தில் ஊசியை இறக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். காயத்துக்குத் தையல் போடுவது, வலிக்கு ஊசி போடுவது என்று பட்டியல் நீண்டது. எட்டாம் வகுப்போடு நின்ற பத்தொன்பது வயதுப் பையன் அதைத் தன் நோட்டில் படம் வரைந்துகொண்டிருப்பதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. எங்கள் குடும்ப டாக்டருக்குப் போன் செய்தேன். "உடனே நிறுத்துங்கள். இவர்கள் நல்ல எண்ணத்தில் யாரையாவது கொன்றுவிடுவார்கள்" என்றார். நிறுத்தினேன். முன்பணம் 30,000 திரும்பி வரவில்லை. எழுதி வாங்காதது என் தவறு. என்ன கற்றுத்தருவார், என்ன கற்றுத்தர மாட்டார் என்று ஒரு பக்கமாவது எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். முன்பணம் கால்பங்குக்கு மேல் கொடுக்காதீர்கள். "எங்கள் ஆட்கள் எதையெல்லாம் செய்யக் கூடாது?" என்று எந்த ஆசிரியரிடமும் கேட்டுப் பாருங்கள். நல்லவராக இருந்தால் அதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்வார்.

அந்த டாக்டர்தான் வழியும் காட்டினார். "விளம்பரத்தில் தேடாதீர்கள். ஆம்புலன்ஸில் வேலை பார்த்தவர்களைத் தேடுங்கள். அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வெளியே, ரோட்டிலும் வயலிலும் வைத்தியம் பார்த்தவர்கள்" என்றார். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. அதில் பல ஆண்டுகள் அவசர மருத்துவ உதவியாளராக இருந்துவிட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் நம் பக்கத்திலேயே நிறைய இருக்கிறார்கள். விசாரித்து விசாரித்து, குமாரபாளையத்தில் ஒருவரைப் பிடித்தேன். அவருடன் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்த நர்ஸ் ஒருவரும் சேர்ந்து சிறு குழுக்களுக்குச் சொல்லிக்கொடுத்து வந்தார்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். "வண்டியைப் பார்க்காமல் நான் எப்படிங்க சொல்ல முடியும்?" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவரை வரச் சொன்னேன்.

வந்தவர் முதலில் வண்டியைச் சுற்றி நடந்தார். கம்ப்ரசர் ஹோஸைத் தொட்டுப் பார்த்தார். ராடு எத்தனை அடி, கழற்றும்போது யார் எங்கே நிற்பார்கள், இரவில் விளக்கு எந்தப் பக்கம் இருக்கும், பையன்கள் எங்கே தூங்குவார்கள் என்று அரை மணி நேரம் கேள்விதான். பிறகு நிமிர்ந்து, துளை போடும்போது தூக்கி நிறுத்தும் கோபுரமான மாஸ்டைப் பார்த்து, "இதைத் தூக்கும் முன் மேலே கரண்ட் கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது யாருடைய வேலைங்க?" என்றார். டிரில்லர் என்னைப் பார்த்தார், நான் டிரில்லரைப் பார்த்தேன். அது யாருடைய வேலை என்று இருபது வருடத் தொழிலில் நாங்கள் பேர் சொல்லி ஒதுக்கியதே இல்லை. மாஸ்ட் உயர் அழுத்தக் கம்பியில் பட்டு ரிக் ஆட்கள் செத்துப்போவது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த சாவு. பட்டுவிட்டால் வண்டிக்குள் இருப்பவர் உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே இருப்பவர் வண்டியைத் தொடக் கூடாது, கிட்டவே போகக் கூடாது. மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தும் வரை காத்திருக்க வேண்டும். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், ஒரே நேரத்தில் வண்டியையும் தரையையும் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்து வைத்துக் குதித்து, பாதங்களைப் பிரிக்காமல் தத்தித் தத்தியே விலகிப் போக வேண்டும். அடி எடுத்து வைத்து ஓடினால் தரையில் பரவியிருக்கும் மின்சாரமே ஆளைக் கொல்லும். மற்ற இருவரும் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை, ஏனென்றால் அவர்கள் வண்டியைப் பார்க்கவில்லை.

மூன்று அரை நாட்கள், இருவருக்கும் சேர்த்து 27,000 ரூபாய் என்று பேசி முடித்தோம். வகுப்பு ஷெட்டில், வண்டிக்குப் பக்கத்திலேயே, பன்னிரண்டு பன்னிரண்டு பேராக நடந்தது. ஒடிசாப் பையன்களுக்கு அந்த நர்ஸ் இந்தியில் சொல்லிக்கொடுத்தார். முந்தைய வருடம் நான் ஆன்லைனில் ஒன்று 380 ரூபாய் வீதம் எட்டு டூர்னிகே பட்டைகள் வாங்கி வைத்திருந்தேன். கையிலோ காலிலோ சுற்றி, அதிலுள்ள குச்சியை முறுக்கி ரத்தத்தை நிறுத்துவதற்கானது. பெருமையாக எடுத்துக் காட்டினேன். அவர் ஒன்றைத் தன் தொடையில் மாட்டி முறுக்கினார். இரண்டாவது சுற்றிலேயே பிளாஸ்டிக் குச்சி 'டக்'கென்று முறிந்து என் காலடியில் விழுந்தது. இன்னொன்றை எடுத்தார், அதுவும் முறிந்தது. யாரும் எதுவும் பேசவில்லை. அந்த வருடம் பையன்கள் வண்டியில் அதை நம்பி எட்டு மாதம் போய் வந்திருக்கிறார்கள். தரமானது ஒன்று 3,200 ரூபாய் விலையில் ஆறு வாங்கினோம். பணம் இல்லையென்றால் போலியை வாங்குவதைவிட அகலமான துணியும் உறுதியான ஒரு கம்பும் போதும். அதில் எப்படி முறுக்குவது என்றும் அவர் காட்டினார். மெல்லிய கயிறோ வயரோ கூடாது, சதையை அறுத்துவிடும்.

பாடம் எளிமையானதுதான். முதலில் காயத்தின் மேல் நேரடியாக, முழு எடையையும் போட்டு அழுத்து. கையிலோ காலிலோ ரத்தம் பீய்ச்சினால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டின் மேல் இல்லாமல், பட்டையைக் கட்டி ரத்தம் நிற்கும்வரை முறுக்கு. வலியில் கத்துவான், முறுக்கு. கட்டிய நேரத்தை எழுது. டாக்டர் வரும்வரை அவிழ்க்காதே. அக்குள், இடுப்பு மடிப்பு போலப் பட்டை கட்ட முடியாத இடமென்றால் சுத்தமான துணியைக் காயத்துக்குள்ளேயே திணித்து இரண்டு கையாலும் அழுத்து. இதைச் சொல்லி முடிக்கப் பத்து நிமிடம் போதும். ஆனால் அவர் பையன்களின் கையில் கிரீஸைத் தடவிவிட்டுச் செய்யச் சொன்னார். பிறகு ஷெட் விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் வெளிச்சத்தில் செய்யச் சொன்னார். பிறகு ஒற்றைக் கையால், தன் கைக்குத் தானே கட்டச் சொன்னார். முதல் தடவை ஒருவருக்கும் வரவில்லை. மூன்றாம் நாள் பெரும்பாலோர் ஒரு நிமிடத்துக்குள் முடித்தார்கள். மின்சாரம் தாக்கி மூச்சு நின்றவனுக்கு நெஞ்சின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதையும் இப்படித்தான், வியர்க்க வியர்க்க, ஆள் மாற்றி ஆள் செய்ய வைத்தார். தரையில் படுக்கும் பையன்களைக் கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது என்று அவர் சொன்ன அன்று மாலையே எல்லோருக்கும் கயிற்றுக்கட்டிலும் கொசுவலையும் வாங்கினேன்.

இரண்டாம் நாள் என்னிடம் வந்து, "அக்கா, நீங்கள் ஏன் ஓரமாக நிற்கிறீர்கள்? முதல் போன் உங்களுக்குத்தானே வரும்?" என்றார். அவரிடம் நான் அந்த இரவைப் பற்றிச் சொல்லியிருந்தேன், ஆனால் அவிழ்க்கச் சொன்னதைச் சொல்லவில்லை. அப்போது சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லாமல், என்னை அலுவலக அறையில் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். வெளியே ஒரு பையன் காயம்பட்டவனாகக் கிடக்க, டிரில்லர் எனக்குப் போன் செய்தார். நான் போனிலேயே வழிநடத்த வேண்டும். ஸ்பீக்கரில் போடச் சொல். இரண்டாவது போனில் 108-க்கோ 112-க்கோ அடிக்கச் சொல். ரத்தம் எங்கிருந்து வருகிறது, பீய்ச்சுகிறதா கசிகிறதா என்று கேள். ஆள் பேசுகிறானா என்று கேள். இப்போது அழுத்திக்கொண்டிருப்பது யார் என்று பேர் கேள். தெரியாததைச் சொல்லாதே. நான்கு முறை செய்தோம். முதல் முறை என் குரல் நடுங்கி, பட்டை எங்கே இருக்கிறது என்று கேட்கவே மறந்துவிட்டேன். ஆசிரியர் வைப்பவர்கள் யாராக இருந்தாலும் சரி, மில்லோ சாயப்பட்டறையோ லாரி ஆபீஸோ, போன் எடுக்கும் ஆளையும் அந்த வகுப்பில் உட்காரவையுங்கள். கணக்குப்பிள்ளை, மனைவி, வாட்ச்மேன், யாராக இருந்தாலும். என் இடத்தில் அன்று கற்றவள் ஒருத்தி இருந்திருந்தால் அந்தத் தம்பியின் ரத்தம் அவன் உடம்பிலேயே இருந்திருக்கும்.

இன்னொரு விஷயமும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்று அந்தக் கிராமத்தில் ஜீப் வைத்திருந்தவர் போலீஸ் வம்பு வரும் என்று பயந்து இருபது நிமிடம் தயங்கியிருக்கிறார். எங்கள் பையன்களுக்கும் ரோட்டில் யாராவது அடிபட்டுக் கிடந்தால் அதே பயம்தான். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த 134ஏ பிரிவு, சாலை விபத்தில் அடிபட்டவருக்கு நல்ல எண்ணத்தோடு உதவுகிறவரைக் காப்பாற்றுகிறது. பேரையும் முகவரியையும் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. இதை இந்தியில் அச்சடித்து இரண்டு வண்டியின் கேபினிலும் ஒட்டியிருக்கிறோம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முதல் ஆளுக்கு 42,000, மண்டபத்துக்கு 9,000, இரண்டாம் ஆளுக்கு 30,000, முறிந்துபோகும் பட்டைகளுக்கு 3,040. ஏறத்தாழ 84,000 ரூபாய், இரண்டு மழைக்காலம். உருப்படியாக ஆன செலவு 46,200. ஆறு மாதத்தில் கை மறந்துவிடும் என்பதால் வண்டி ஊருக்கு வரும்போது ஒரு முறையும், நடுவில் வீடியோ அழைப்பில் ஒரு முறையும் செய்து காட்ட வைக்கிறோம். ஆசிரியரைப் பற்றி விசாரிக்கும்போது முதலாளிகளிடம் கேட்காதீர்கள். அவர் சொல்லிக்கொடுத்த தொழிலாளி ஒருவரைப் பிடித்து, "கட்டிக் காட்டு" என்று சொல்லுங்கள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

கைவிரல் மடங்காத அந்தத் தம்பி இப்போது எங்கள் ஷெட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் பார்த்துக்கொள்கிறான். வண்டிகள் வடக்கே கிளம்புவதற்கு முதல் நாள் இரண்டு வண்டியின் முதலுதவிப் பையையும் அவன்தான் இறக்குவான். ஒவ்வொரு பட்டையையும் தன் இடது கையால் எடுத்து, வலது முன்கையில் அந்தத் தழும்புக்கு மேலே சுற்றி, மூன்று சுற்று முறுக்கிப் பார்ப்பான். பிறகு அவிழ்த்து மடித்து வைத்து, பையில் தேதியை எழுதுவான். மார்க்கர் பேனாவையும் பட்டையோடு சேர்த்து நூலில் கட்டிவிடுவான். நேரம் எழுதுவதற்கு.